அகுஸ்தீனாரின் வாழ்க்கையை அறிய எதில் தொடங்குவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். 27ஆம் தேதி மோனிக்காவின் திருநாள், 28ஆம் தேதி மகன் அகுஸ்தீனாரின் திருநாள். வழிதவறிய பிள்ளைக்காக ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் அழுது மன்றாடியதைக் கோயிலில் கேட்டவர்களுக்கு, அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனார் என்று படித்துப் பார்க்கத் தோன்றுகிறது. எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே 'ஒப்புகைகள்' நூலைத் திறந்து, பாதியில் மூடிவைத்தவர்கள். வேறு சிலர் மறைக்கல்வி வகுப்புக்கு நான்கு பக்கக் குறிப்பு தயாரிக்க வேண்டியவர்கள். கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் உண்டு. தன்வரலாறு என்ற வகைக்கு மூலவர் என்று சொல்லப்படுகிறவர் எப்படி எழுதினார் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவர்கள்.

நல்ல வழிகள் நான்கு இருக்கின்றன. அவர் தாமே எழுதிய 'ஒப்புகைகள்'. அவருடன் வாழ்ந்த பொசிதியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு. அவருடைய கடிதங்களும் மறையுரைகளும். இக்கால ஆய்வாளர்கள் எழுதிய வரலாறு. நான்கும் ஒரே மனிதரைப் பற்றியவைதாம். ஆனால் ஒன்றைப் படித்தவர் காணும் அகுஸ்தீனாரும் மற்றொன்றைப் படித்தவர் காணும் அகுஸ்தீனாரும் பெரிதும் வேறுபடுகிறார்கள்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, எந்த ஆண்டுகள். அகுஸ்தீனார் 354 நவம்பர் 13 அன்று வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ். 387இல் மிலான் நகரில், அந்நகர ஆயர் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். 391இல் ஹிப்போ நகரில் குரு, 395 வாக்கில் ஆயர். 430 ஆகஸ்ட் 28 அன்று, ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்களின் படைகள் நகரைச் சூழ்ந்திருந்தபோது, 75ஆம் வயதில் அங்கேயே இறந்தார். திருமுழுக்கின்போது அவருக்கு வயது 32. அதற்குப் பின்னும் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். நாம் படிக்கும் நூல் இந்த இரண்டு பாதிகளில் எதைக் காட்டுகிறது என்பதே என் முதல் அளவுகோல்.

இரண்டாவது, யார் யாரிடம் பேசுகிறார், எந்தத் தேவைக்காக. மூன்றாவது, கசப்பானவற்றை நூல் சொல்கிறதா, கடந்து போகிறதா. நான்காவது, படிப்பவரிடம் எவ்வளவு முன்னறிவு கேட்கிறது, எளிதில் கிடைக்கிற மொழிபெயர்ப்பு எப்படிப்பட்டது. கடைசியானதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பாதியில் மூடிவைப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

## முதல் வழி: 'ஒப்புகைகள்'

இதன் வலிமையைச் சொல்ல அதிகம் தேவையில்லை. தன் உள்ளத்தை ஒருவர் இவ்வளவு ஆழமாகத் தோண்டிப் பார்த்த நூல் பண்டைய உலகில் வேறில்லை. ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். மிலானில் அரசவைச் சொற்பொழிவாளராக இருந்த நாட்களில், பேரரசரைப் புகழ்ந்து பேச வேண்டிய நாளன்று தெருவில் போகிறார். பேசப்போவதில் பெரும்பகுதி பொய் என்று அவருக்குத் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். நெஞ்சு படபடக்கிறது. வழியில், குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கிறார். நான் இவ்வளவு பாடுபட்டுத் தேடுவதை இவன் சில காசுகளில் அடைந்துவிட்டானே என்று நண்பர்களிடம் புலம்புகிறார். பதவி உயர்வுக்காக ஏங்கிய யாருக்கும் இந்தப் பக்கம் சுடும்.

அதே நேர்மையோடு, ஏறத்தாழ 15 ஆண்டுகள் உடன் வாழ்ந்து அதெயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றுத் தந்த பெண்ணை, வசதியான திருமணம் ஒன்றுக்காக ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியதையும் எழுதுகிறார். தம் இதயம் கிழிந்து குருதி வடித்ததாகச் சொல்கிறார். அவள் பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை.

இனி, வாங்கும்போது தெரியாத குறைகள். நூலில் 13 பகுதிகள். வாழ்க்கைக் கதை ஒன்பதாம் பகுதியில், 387இல், ஒஸ்தியா துறைமுகத்தில் தாயின் மரணத்தோடு நின்றுவிடுகிறது. பத்தாம் பகுதி நினைவாற்றலைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சி. அடுத்த மூன்றும் தொடக்க நூலின் படைப்பு வரலாற்றுக்கு விளக்கம். கதை தொடரும் என்று நம்பிப் பத்தாம் பகுதிக்குள் நுழைபவர் திகைத்துப் போகிறார். நூல் முழுவதும் கடவுளை நோக்கிய மன்றாட்டாக இருப்பதால், திருப்பாடல்களின் தொடர்கள் ஒவ்வொரு பத்தியிலும் ஊடுபாவாக வருகின்றன. அவற்றில் பழக்கமில்லாதவருக்கு நடை சுற்றிச் சுற்றி வருவதாகத் தோன்றும். இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பரவலானது 1838இல் வெளிவந்த பியூசியின் மொழிபெயர்ப்பு. அதன் பழைய ஆங்கிலம் இந்தச் சுமையை இரட்டிப்பாக்குகிறது. ஆங்கிலத்தில் படிப்பதென்றால் 20ஆம் நூற்றாண்டின் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இந்நூல் ஏறத்தாழ 397 முதல் 401 வரை, அதாவது அவர் ஆயராகிச் சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. ஒளி, இருள் என்ற இரு ஆற்றல்களை நம்பிய மானிக்கேயரோடு ஒன்பது ஆண்டுகள் இருந்த ஒருவரை ஆயராக்கலாமா என்ற ஐயம் அப்போது பலருக்கும் இருந்தது. ஆப்பிரிக்க மறைமாநிலமான நுமிதியாவின் முதன்மை ஆயர் மெகாலியுஸ் அதை எதிர்த்துக் கடிதமே எழுதிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களான தொனாத்து பிரிவினர் அந்தக் கடிதத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துக் காட்டினார்கள். இந்தச் சூழல் தெரியாமல் படித்தால், ஓர் இளைஞன் தன் கதையைச் சொல்வதாகவே தோன்றும். பேசுபவர் நாற்பதைக் கடந்த ஓர் ஆயர் என்பது மறந்தே போகும்.

## இரண்டாம் வழி: பொசிதியுஸ் எழுதிய வாழ்க்கை

பொசிதியுஸ் கலாமா நகரின் ஆயர். ஹிப்போவில் அகுஸ்தீனாரின் துறவு இல்லத்தில் வளர்ந்தவர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவருடன் நெருங்கிப் பழகியவர். வாண்டல்கள் சூழ்ந்த கடைசி மாதங்களிலும் அதே ஊரில் அதே வீட்டில் இருந்தவர். அவருடைய நூல் சிறியது, 31 அத்தியாயங்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம். அகுஸ்தீனார் தம்மைப் பற்றித் தாமே எழுதியவற்றைத் தொடப்போவதில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். 'ஒப்புகைகள்' எங்கே நிற்கிறதோ, இவருடைய கதை அங்கே சூடுபிடிக்கிறது.

இவருக்குத் தத்துவம் அவ்வளவாக வராது. கண் மட்டும் கூர்மை. ஆயரின் சாப்பாட்டு மேசையைக் காட்டுகிறார்: கரண்டிகள் மட்டும் வெள்ளி, மற்ற பாத்திரங்கள் மண், மரம், பளிங்கு. கீரையும் பருப்பும் அன்றாட உணவு. விருந்தினருக்கும் நோயாளிகளுக்கும் சில வேளை இறைச்சி. திராட்சை இரசம் எப்போதும் உண்டு. மேசையின் மேலேயே ஈரடிச் செய்யுள் ஒன்று எழுதப்பட்டிருந்தது: இங்கே இல்லாதவரைப் பற்றிப் புறங்கூறுபவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்பது அதன் பொருள். நெருங்கிய ஆயர் நண்பர்கள் சிலர் ஒரு நாள் அதை மறந்து பேசத் தொடங்க, இந்த வரிகளை அழிக்க வேண்டும், இல்லையென்றால் நான் எழுந்து என் அறைக்குப் போகிறேன் என்று அகுஸ்தீனார் கடிந்துகொண்டார். நானும் அங்கே இருந்தேன் என்கிறார் பொசிதியுஸ்.

காலையில் வழக்குகள் கேட்க உட்கார்ந்தால் சில நாட்களில் மாலை வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். சிறைப்பட்டோரை மீட்கவும் ஏழைகளுக்கு உதவவும் கோயில் பாத்திரங்களை உடைத்து உருக்கச் சொல்வார். கடைசி நோயில் தாவீதின் மனமாற்றத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டவைத்து, படுக்கையிலிருந்து படித்து அழுதார். இறப்பதற்கு முன் ஏறத்தாழ பத்து நாட்கள், மருத்துவர் வரும் நேரமும் உணவு கொண்டுவரும் நேரமும் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். உயில் எழுதவில்லை, எழுதுவதற்கு ஏதும் இல்லை. நூலகத்தை மட்டும் பத்திரமாகக் காக்கச் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொசிதியுஸ் அன்பும் வணக்கமும் நிறைந்த சீடர். தம் ஆசிரியர் தோற்ற இடங்களை அவர் காட்டுவதில்லை. ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய இல்லை. மனிதர் தம் முயற்சியாலேயே நல்வழியில் வாழ முடியும் என்ற பெலாஜியரோடு நடந்த நீண்ட வாதம் ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. தொனாத்து பிரிவினர் மீது அரசின் சட்டம் பாய்ந்ததை வெற்றியாகவே பார்க்கிறார். இந்த நூலை மட்டும் படித்தவர் ஒரு புனிதரின் அன்றாடத்தை அறிவார். அவருக்குள் நடந்த போராட்டத்தை அறியமாட்டார்.

## மூன்றாம் வழி: கடிதங்களும் மறையுரைகளும்

என் மனம் இங்கேதான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு திருச்சபைத் தலைவரின் வாழ்க்கை என்பது என்ன என்று அறிய இதைவிடச் சிறந்த சான்று முதல் ஐந்து நூற்றாண்டுகளில் அரிது. அவருக்கு வந்தவையும் சேர்த்து ஏறத்தாழ 300 கடிதங்கள், 500க்கும் மேற்பட்ட மறையுரைகள் எஞ்சியிருக்கின்றன.

ஃபுஸ்ஸாலா விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஹிப்போவிலிருந்து 40 மைல் தொலைவில் உள்ள ஊர் அது. அதற்கு, அப்பகுதியின் பழைய மொழியான பியூனிக் தெரிந்த ஓர் ஆயர் தேவைப்பட்டார். அகுஸ்தீனார் ஒருவரைத் தேர்ந்து வைத்திருந்தார். திருநிலைப்படுத்த முதிய முதன்மை ஆயர் தொலைவிலிருந்து வந்து இறங்கிய பிறகு, அந்த மனிதர் பின்வாங்கிவிட்டார். முதியவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், தம் துறவு இல்லத்தில் சிறுவயது முதல் வளர்ந்த அந்தோனினுஸ் என்ற இளைஞரை அகுஸ்தீனார் அவசரமாக முன்னிறுத்தினார். ஆயரான அந்தோனினுஸ் அந்த ஊரைக் கொள்ளையடித்தார். பணம், துணி, கால்நடை, விளைச்சல் எதையும் விடவில்லை. வீடுகளை இடித்துக் கல்லையும் எடுத்துப்போனார். திருத்தந்தை செலஸ்தீனுக்கு அகுஸ்தீனார் எழுதிய 209ஆம் கடிதத்தில், இந்தத் துயரத்தால் ஆயர் பொறுப்பையே விட்டுவிட எண்ணுவதாகச் சொல்கிறார். எழுபதை நெருங்கிய, உலகப் புகழ் பெற்ற ஒருவர் தம் தவறான நியமனத்துக்குப் பொறுப்பேற்று எழுதிய அந்தப் பக்கங்களை, நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

இன்னொன்று, அடிமை வணிகர் பற்றி நண்பர் அலிப்பியுசுக்கு எழுதியது. ஆட்களைக் கடத்தி ஹிப்போ துறைமுகம் வழியாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். இரவில் கூட்டமாகச் சிற்றூர்களுக்குள் புகுந்து மக்களைத் தூக்கிவந்தார்கள். அகுஸ்தீனார் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய சபை மக்கள் ஏறத்தாழ 120 பேரை மீட்டுவிட்டார்கள். வணிகருக்கோ செல்வாக்குள்ள பாதுகாவலர்கள் இருந்தார்கள். ஆட்களைத் திருப்பித் தரச் சொல்லித் தொல்லை கொடுத்தார்கள். சட்டப்படி அந்த வணிகருக்கு ஈயம் கட்டிய சாட்டையடி. அதில் உயிரே போகலாம். குற்றத்தை நிறுத்தவும் வேண்டும், அந்தத் தண்டனையும் கூடாது என்று அவர் வழி தேடுவது கடிதத்தில் தெரிகிறது.

கசப்பானவையும் இங்கேதான் உள்ளன. யாரையும் வற்புறுத்தித் திருச்சபை ஒன்றிப்புக்குக் கொண்டுவரக் கூடாது என்று முதலில் நினைத்திருந்ததாகவும், தம் சொந்த ஊரான தகாஸ்தே பேரரசின் சட்டத்துக்கு அஞ்சித் தொனாத்து பிரிவிலிருந்து மாறியதைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் 93ஆம் கடிதத்தில் அவரே சொல்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் கட்டாயப்படுத்தலுக்கு மேற்கோளாக அந்தக் கடிதம் பயன்பட்டது. அதே மனிதர் 133ஆம் கடிதத்தில், தம் குருக்களில் ஒருவரைக் கொன்றவர்களுக்குக்கூட மரண தண்டனையோ உறுப்புச் சிதைப்போ கூடாது என்று அதிகாரி மார்செலினுசிடம் மன்றாடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அவரைப் போற்றுவதும் தூற்றுவதும் எனக்கு ஏற்புடையதல்ல.

இந்த வழியின் செலவு அதிகம். எங்கே தொடங்குவது என்று தெரியாது. காலவரிசை எண்களோடு சரியாகப் பொருந்தாது. தொனாத்து பிரிவு என்றால் என்ன என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளில் முக்கியமான ஒரு பகுதியே இல்லை. யோஹன்னஸ் திவ்யாக் கண்டெடுத்த 29 கடிதங்கள் 1981இல்தான் அச்சேறின. மைன்ஸ் நகரக் கையெழுத்துப் பிரதியில் ஃபிரான்சுவா டோல்போ அடையாளம் கண்ட 26 மறையுரைகள் 1990க்குப் பிறகே வெளிச்சம் கண்டன. நான் சொன்ன அடிமை வணிகக் கடிதம் திவ்யாக் தொகுப்பில் 10ஆவது. ஃபுஸ்ஸாலாவை விரிவாகச் சொல்வது 20ஆவது. பழைய தொகுப்பிலும் இதே எண்கள் இருப்பதால், புதியவற்றுக்கு எண்ணின் அருகில் நட்சத்திரக் குறி இடுவார்கள். அதைக் கவனிக்காமல் தேடினால் வேறு கடிதம் கைக்கு வரும்.

## நான்காம் வழி: இக்கால வரலாற்று நூல்

ஆங்கிலம் சரளமாகப் படிப்பவருக்குப் பீட்டர் பிரவுன் 1967இல் எழுதிய வரலாறு இன்றும் முதல் தேர்வு. ரோமப் பேரரசு, ஆப்பிரிக்கத் திருச்சபை, மானிக்கேயர், பெலாஜியர் என்று சிதறிக் கிடக்கும் அனைத்தையும் காலவரிசையில் கோத்துத் தருகிறது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பையே வாங்க வேண்டும். புதிதாகக் கிடைத்த கடிதங்களையும் மறையுரைகளையும் படித்தபின், முதிய ஆயரைத் தாம் அளவுக்கு மீறிக் கடுமையானவராகக் காட்டிவிட்டதாக ஆசிரியரே அதில் சேர்த்த புதிய அத்தியாயங்களில் ஒப்புக்கொள்கிறார். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் இழப்பது அதைத்தான்.

நூல் பெரியது. அகுஸ்தீனாரின் குரலைக் கேட்பதற்கு முன்பே அவரைப் பற்றிய தீர்ப்பு நம் மனதில் படிந்துவிடும். தேர்வுக்குப் படிக்கும் இறையியல் மாணவருக்கு இது தேவை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

## ஒரே நிகழ்ச்சியை வைத்து ஒரு சோதனை

391இல் ஹிப்போ மக்கள் அவரைப் பிடித்து இழுத்துக் குருவாக்கினார்கள். பொசிதியுஸ் சொல்வது இது: அவர் அழுதார், ஆயர் பதவி தராமல் குருவாக மட்டும் ஆக்கியதற்காக அழுகிறார் என்று எண்ணிய சிலர், இதுவும் அதற்குப் பக்கத்துப் படிதானே என்று தேற்றினார்கள். அந்தக் கண்ணீரின் காரணத்தை அகுஸ்தீனாரே ஆயர் வலேரியுசுக்கு எழுதிய 21ஆம் கடிதத்தில் சொல்கிறார். பொறுப்பின் ஆபத்தை உணர்ந்ததால் அழுதேன், மறைநூலைப் படிக்க எனக்குக் கொஞ்சம் கால அவகாசம் தாருங்கள் என்கிறார். 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 355ஆம் மறையுரையில் அதே மக்களிடம் நினைவுகூர்கிறார்: ஆயர் இல்லாத ஊர்ப்பக்கமே போகாமல் இருந்தேன், இங்கே ஆயர் இருக்கிறாரே என்று நம்பி வந்தேன், பிடிபட்டேன். 'ஒப்புகைகள்' இந்த நாளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பிரவுன் இவற்றை எல்லாம் இணைத்து, அக்கால ஆப்பிரிக்காவில் இத்தகைய கட்டாயம் புதிதல்ல என்று விளக்குகிறார்.

| வழி | காட்டும் காலம் | கேட்கும் உழைப்பு | முதலில் தெரியாத குறை | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஒப்புகைகள் | 354–387 | நடுத்தரம். பத்தாம் பகுதிக்குப் பின் கடினம் | ஆயர் வாழ்க்கை இல்லை | மனப்போராட்டத்தில் இருப்பவர், தன்வரலாறு விரும்பிகள் |
| பொசிதியுஸ் | முக்கியமாக 391–430 | எளிது | தோல்விகள் இல்லை, ஆண்டுகள் இல்லை | புதியவர், மறைக்கல்வி ஆசிரியர் |
| கடிதங்கள், மறையுரைகள் | 386–430 | அதிகம் | பழைய தொகுப்புகளில் புதியவை இல்லை | பொறுப்பில் இருப்பவர், இரண்டாம் முறை படிப்பவர் |
| இக்கால வரலாறு | முழு வாழ்வு | அதிகம், ஆங்கிலம் | ஆசிரியரின் தீர்ப்பு முந்திக்கொள்ளும் | இறையியல் மாணவர் |

## யார் எதை எடுக்கலாம்

நம்பிக்கை இழந்து, அல்லது நம்பிக்கையைத் தேடி வருகிறவருக்கு 'ஒப்புகைகள்' தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். அவர் ஒன்பதாம் பகுதியோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதில் குற்றவுணர்வு தேவையில்லை. இலக்கிய ஆர்வத்தில் வருகிறவருக்கும் இதுவே.

மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர் பொசிதியுசை எடுக்க வேண்டும். 1919இல் வெளிவந்த வைஸ்காட்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது, நடையும் எளிது. மேசை, வழக்கு மன்றம், சுவரில் ஒட்டிய திருப்பாடல்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியவை நிறைய. மிலானில் ஒரு தோட்டத்தில் "எடுத்துப் படி" என்ற குரல் கேட்டு அவர் மனம் மாறிய கதையை மட்டும் ஆண்டுதோறும் திரும்பச் சொல்லி, அந்த மனிதரை 31 வயதிலேயே நிறுத்திவிடுகிறோம். இது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

எந்த அவசரமும் இல்லாமல், அவரை உண்மையாக அறிய வேண்டும் என்று மட்டும் வருகிறவருக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பொசிதியுஸ். அடுத்து 21, 93, 133, 209 ஆகிய நான்கு கடிதங்கள். பிறகு 355, 356 ஆகிய இரு மறையுரைகள். தம் குருக்களில் ஒருவரான யனுவாரியுஸ் இரகசியமாகப் பணம் சேர்த்து, பெற்ற மகனையும் மகளையும் ஒதுக்கிவிட்டுத் திருச்சபைக்கு உயில் எழுதியதையும், அந்தப் பணத்தைத் தாம் ஏற்க மறுத்ததையும் மக்கள் முன் வெளிப்படையாகச் சொல்லும் உரைகள் இவை. விலையுயர்ந்த மேலங்கியை எனக்குத் தராதீர்கள், தந்தால் விற்றுவிடுவேன், ஏழைப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைக்கு அது பொருந்தாது என்பதும் இங்கேதான் வருகிறது. இவற்றுக்குப் பிறகு 213ஆம் கடிதம். 426 செப்டம்பர் 26 அன்று, தமக்குப் பின் எராக்லியுஸ் ஆயராக வேண்டும் என்று அவர் அறிவித்த கூட்டத்தின் எழுத்துப் பதிவு அது. மக்கள் எந்த முழக்கத்தை எத்தனை முறை எழுப்பினார்கள் என்பதுகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. "இறைவனுக்கு நன்றி, கிறிஸ்துவுக்குப் புகழ்" 36 முறை.

இத்தனைக்கும் பிறகு 'ஒப்புகைகள்' நூலைத் திறந்தால், அதை எழுதிக்கொண்டிருக்கும் ஆயர் யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். பத்தாம் பகுதியும் அப்போது சுமையாக இராது. தம் ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னும் எதில் விழுகிறேன் என்று அவர் எண்ணிப் பார்ப்பது அங்கேதான்; உணவு, இசை, பிறர் புகழ்ச்சி எதையும் விட்டுவைக்கவில்லை. பதினொன்றாம் பகுதியில் காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியைத் தத்துவ நாட்டம் உள்ளவர்கள் தவற விடக் கூடாது. கடைசி இரண்டு பகுதிகளுக்குத் தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசனமாக அதையே பின்பற்றிப் போகிறார்.